மழை நாளில் வெள்ளி பார்த்தவர்கள்

"இண்டைக்குக் கடைசி முறை எனக்கெண்டு பலகையில எழுதிக் கிடக்கு," என்றாள் புஸ்பம்.

"என்ட பேரும் அதே கட்டத்துக்குள்ளதான் கிடக்கு," என்றான் கிரிசாந்த்.

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். எழுதியவர் பள்ளிக்கூட ஆசிரியர் அருமைநாயகம் சேர். மூக்குக்கண்ணாடி இல்லாமல் கரும்பலகையில் எழுதுகிற மனிதர் ஒரு கட்டத்துக்குள் இரண்டு பேரைக் குடியேற்றியது பெரிய குற்றமில்லை. முகாமில் ஒரு தகர அறைக்குள் இரண்டு குடும்பங்களைக் குடியேற்றிய அதிகாரிகளுக்குக் கண் நன்றாகவே தெரிந்தது.

செட்டிபாளையத்துக்குள் கடல் வந்து போய் எட்டொன்பது மாதம் ஆகியிருந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே மிஞ்சிய மேட்டில் முகாம். வரிசை வரிசையாகத் தகர அறைகள், நடுவே ஒட்டுப்பலகைத் தடுப்பு. முதல் அறையில் ஒருவர் தும்மினால் கடைசி அறையிலிருந்து "நூறு வயசு" என்று வாழ்த்து வரும். அந்த முகாமுக்கு வெளியே, தென்னைகள் முறிந்து கிடந்த வெளியில், தனியாக, கூரை திறந்து மூடுகிற ஒரு தகரக் கொட்டில் நின்றது. அதற்குள்தான் தொலைநோக்கி.

வெளிநாட்டு அமைப்பு ஒன்று அதை அனுப்பியிருந்தது. அந்த வருடம் உதவி வந்த விதமே அப்படி. வலை கேட்டவனுக்குத் தையல் மெசின் வந்தது. தையல் மெசின் கேட்டவளுக்குக் கம்பளிப் போர்வை வந்தது, அதுவும் மட்டக்களப்பு வெயிலுக்கு. ஒன்றுமே கேட்காத விஞ்ஞான ஆசிரியர் அருமைநாயகத்துக்குத் தொலைநோக்கி வந்தது. ஊரார் அதைக் 'குழாய்' என்றார்கள். குழாயால் வெள்ளி பார்க்கலாம் என்று சேர் சொன்னார். நட்சத்திரத்துக்கு அந்தப் பக்கத்தில் வெள்ளி என்றுதான் பெயர்.

குழாயோடு ஒரு நாள் வகுப்பும் டவுனில் நடந்தது. அங்கே சொன்னது சேரின் நெஞ்சில் அப்படியே பதிந்துவிட்டது. பெரிய மலைகளின் உச்சியில் இருக்கும் தொலைநோக்கிகளில் நினைத்தவன் நினைத்த நேரத்தில் பார்க்க முடியாதாம். எதைப் பார்க்கப் போகிறாய், ஏன் பார்க்கப் போகிறாய் என்று முன்கூட்டியே சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டதை எடைபோட்டு நேரம் பிரித்துக் கொடுப்பார்கள். கொடுத்த நேரத்தில் மேகம் மூடினால் போனது போனதுதான், ஈடு கிடையாது. நேரம் பிரிக்கிறவர் தனக்கென்று நேரம் எடுத்துக்கொள்வது அழகில்லை.

இதைக் கேட்ட அன்று, பல மாதங்களுக்குப் பிறகு அவர் மனம் கொஞ்சம் நிமிர்ந்தது. பாணுக்கும் பால்மாவுக்கும் தோள்பலம் உள்ளவன் முதலிடம் பிடிக்கிற முகாமில், ஒரு பொருளாவது தள்ளுமுள்ளு இல்லாமல் பங்கிடப்படட்டும் என்று நினைத்தார். குழாய் ஆறு மாதத்துக்குத்தான் என்றார்கள். பிறகு ஓர் அலுவலர் வந்து பார்ப்பார். சனம் ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் குழாயும் கொட்டிலும் இங்கேயே இருக்கும். இல்லையென்றால் வேறு ஊருக்குப் போய்விடும்.

போகக்கூடாது. அது சேருக்கு உயிர்ப் பிரச்சினை. கடல் வந்த காலை அவர் வாவிப் பக்கம் இறால் வாங்கப் போயிருந்தார். மூக்குக்கண்ணாடியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். வீட்டில் மனைவி பாலசுந்தரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, கண்ணாடியும் இல்லை, பாலசுந்தரியும் இல்லை. உடல் கிடைக்கவில்லை. இலவசமாகக் கண்ணாடி கொடுக்கிறார்கள் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். புதுக் கண்ணாடி வாங்கினால் பழையது இனி வராது என்று தானே கையெழுத்துப் போட்டதாகிவிடும் என்று அவருக்குப் பயம். அவர் அழுததை யாரும் பார்க்கவில்லை. கல்லுமனிசன் என்று சிலர் சொன்னார்கள். பகல் பள்ளிக்கூடத்தில் கழிந்துவிடும். பொழுது வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் சாயும்போதுதான் நெஞ்சுக்குள் என்னவோ எழும்பும். அந்த நேரத்தில் கையில் ஒரு வேலை வேண்டும். பலகையில் கட்டம் போடுகிற வேலை அந்த இடத்தை நிரப்பியது.

"சரி, சண்டை வேணாம்," என்றார் சேர். "புஸ்பம் கேட்டது செவ்வாய். கிரிசாந்த் கேட்டது நிலா. ரெண்டு பேரும் ஒண்டா உள்ள போங்க. பாதி நேரம் அவ, பாதி நேரம் நீ."

அதுவரை எதிரும் புதிருமாக நின்ற இருவரும் ஒரு கட்சியாகிவிட்டார்கள்.

"ஒண்டாவா?" என்றாள் புஸ்பம்.

"என்ன சேர் இது? அதுக்கு நான் போகாமலே இருக்கிறன்," என்றான் கிரிசாந்த்.

ஆணும் பெண்ணும் ஒரு கொட்டிலுக்குள் போவதாவது என்று நினைக்கிறார்கள் போலும் என்று சேர் தலையில் அடித்துக்கொண்டார். தன் புத்திக் குறைவு. மறுநாளே பலகையை அழித்து, வாரத்தில் பாதி பெண்களுக்கு, பாதி ஆண்களுக்கு என்று பிரித்தார். கூட்டமாகப் போனால் எல்லாருக்கும் முறை கிடைக்குமே என்று நாலு நாலு பேராகவும் போட்டார்.

அன்றைக்கு வந்த நாலு பெண்களும் வாசலில் நின்று, "நீ போ கா", "இல்ல, நீ முதல்ல போ" என்று ஒருவரை ஒருவர் உபசரித்தே பொழுதைக் கழித்தார்கள். கடைசியில் ஒருத்தி மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மற்ற மூவரும் மறுநாள் சேரின் அறை வாசலில் முறைப்பாட்டோடு நின்றார்கள்.

"தனித்தனியா விட்டாத்தான் சேர் சரிவரும்."

"அப்பிடியெண்டா நேரத்தக் குறைக்கணும். இருபது நிமிசத்த அஞ்சாக்குவன். சம்மதமா?"

"அஞ்சு நிமிசத்தில என்ன சேர் செய்யிற? போய்க் குந்தி, மனசு ஒருநிலைக்கு வரவே அஞ்சு நிமிசம் போயிரும்."

படித்த படிப்பில் கண் இருட்டுக்குப் பழக நேரம் எடுக்கும் என்பது சேருக்குத் தெரியும். பாமர சனம் அதை எவ்வளவு அழகாகப் பிடித்துவிட்டது என்று பூரித்துப்போனார். பழையபடி இருபது நிமிடம், தனித்தனி முறை. கேட்போர் தொகை கூடிக்கொண்டே போனது. பிள்ளைகளுக்கென்று வைத்த நாளையும், கை பட்டால் உடைந்துவிடும் என்று காரணம் சொல்லிப் பெரியவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

யாருக்கு முதலிடம் என்று தீர்ப்பதற்காக ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்டார்.

"புஸ்பம், செவ்வாயப் பாக்கணும் எண்டிருக்கிறீங்க. என்னத்துக்கு?"

"என்ட மகளுக்குச் சாதகத்தில செவ்வாய் தோசம் சேர். பேசி வந்த இடமெல்லாம் அதால குழம்பின. ஒருமாதிரி ஆரையம்பதியில ஒண்டு பொருந்தி, தையில கலியாணம் எண்டு இருந்தம். மார்கழியில கடல் வந்திட்டு."

"இனி அதப் பாத்து என்ன புஸ்பம்?"

"எங்களோட அதுக்கு அப்பிடி என்ன கோவம் எண்டு கேக்கணும்."

மலை உச்சிகளில் யாரும் இப்படி ஒரு காரணம் சொல்லியிருக்க மாட்டார்கள். சேர் அதற்கு முதலிடம் கொடுத்தார். கிரிசாந்த் இரண்டு சின்னப்பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவன். நிலாவைப் பார்க்கக் காரணம் கேட்டதற்கு, "சும்மாதான் சேர்" என்றான். அதற்கும் கொடுத்தார்.

கொட்டில் வாசலுக்குக் காவல் வீரகத்தி. முகாமிலேயே மூத்த மீன்பிடிகாரர். வள்ளம் போய், வலை போய், வாயில் பேச்சும் போய்விட்டது. நேரம் முடிந்தால் ஒரு தகரத்தில் தட்டுவார். சேர் எதைச் சொன்னாலும் "ஓம் சேர்" என்பார். அதற்கு மேல் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

பிறகு மழைக்காலம் வந்தது. சட்டம்தான் தெளிவாக இருக்கிறதே. மேகம் மூடினால் முறை இல்லை. முதல் மழை நாளில் கொட்டிலைப் பூட்டிவிட்டு வரலாம் என்று சேர் குடையோடு போனார். அங்கே என்றுமில்லாத கூட்டம், பொலித்தீனைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றது.

"மழையில எங்க வந்தீங்க?"

"மழை எண்டபடியாத்தான் சேர் வந்த," என்றான் கிரிசாந்த்.

"மழைக்குக் கூரையத் திறக்க ஏலாது. திறக்காட்டிக் குழாய்க்கு முன்னால தகரம்தான் நிக்கும். தகரத்தையா பாக்கப் போறீங்க?"

"பரவாயில்ல சேர். தகரத்தப் பாப்பம்."

சேருக்குச் சிரிப்பும் வந்தது, துக்கமும் வந்தது. நிவாரண வரிசையில் நின்று நின்று சனத்துக்கு இந்தப் பழக்கம் வந்துவிட்டது. கிடைக்கிற நாளில் வாங்காவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள் என்ற பயம், வெள்ளி பார்ப்பதிலும் வந்து ஒட்டிக்கொண்டது என்று முடிவு செய்தார். மழையில் நின்றபடியே, இங்கே யாருடைய பேரும் வெட்டப்படாது, வானம் எங்கேயும் ஓடிப்போகாது என்று ஒரு சொற்பொழிவு செய்தார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

"நல்லா விளங்கிச்சு சேர்," என்றாள் புஸ்பம். "மறுகா, இப்ப முதல் முறை ஆருக்கு?"

பேர் வெட்டப்படாது என்று மனதில் பதியும் வரைக்கும் போகட்டும் என்று விட்டுவிட்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. மழை முறைக்கு இப்போது தனி மவுசு. இரண்டு தெளிந்த நாளைக் கொடுத்து ஒரு மழை நாளை மாற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். தகரக் கூரையில் சடசடவென்று அடிக்கிற பெருமழை என்றால் மூன்று நாள் வரை விலை போனது. கிரிசாந்த் ஒரு நாள் கூனி இறால் பொதியோடு வந்து, "அடுத்த பெருமழை எனக்கு" என்று தலையைச் சொறிந்தான். சேர் இறாலைத் திருப்பி அனுப்பிவிட்டு, மழை நாளுக்குக் குலுக்கல் என்று அறிவித்தார். குலுக்கலில் பேர் விழுந்தவர்கள் மழை வேண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். அந்தப் போகம் வயல் வட்டைகள் நிறைந்ததற்கு யார் காரணம் என்று வயல்காரருக்குத் தெரியாது. அவர்கள் பிள்ளையாருக்கே பொங்கிவிட்டுப் போனார்கள்.

இதற்கிடையில் சேரின் மனதில் வேறொரு கவலை. கொட்டிலிலிருந்து வருகிற ஒருவர் தவறாமல் எல்லாருக்கும் கண் சிவந்திருந்தது. கண் வைக்கிற இடத்தில் ஏதோ கோளாறு, கண்ணைக் கெடுக்கிறது என்று பயந்தார். முகாமுக்கு மருந்து கொண்டு வருகிற தாதி நஸீறாவிடம் போய்க் கண்ணுக்கு விடும் மருந்து கேட்டார்.

"ஒரு முகாமுக்கே கண் நோவா சேர்? நீங்க முதல்ல உங்கட கண்ணக் காட்டுங்க," என்றாள் நஸீறா. ஆனாலும் கொடுத்தாள்.

அன்று முதல் வெளியே வருகிறவர்களுக்கு வாசலிலேயே ஆளுக்கு இரண்டு துளி. அதற்கு முன் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று போனவர்கள், இப்போது மருந்து வழிய வழிய எல்லாருக்கும் முன்னால் ஆறுதலாக நின்று கண்ணைத் துடைத்தார்கள்.

"இது பெரிய உதவி சேர். உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்," என்றாள் புஸ்பம்.

ஒரு கண் மருந்துக்கு இவ்வளவு நன்றியா என்று சேர் வியந்தார்.

ஆறாவது மாதம் நெருங்கியது. அலுவலர் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று, பார்த்ததை விசாரித்தார்.

"நிலா எப்பிடி இருந்த கிரிசாந்த்?"

"முழுசா, வட்டமா, வடிவா இருந்த சேர்."

"நேத்து அமாவாசையெல்லா."

கிரிசாந்த் காலால் மணலைக் கிளறினான். "அப்ப வேற ஏதும் நிலாவாக்கும் சேர்."

சேர் அதட்ட வாயைத் திறந்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். படிக்காதவன், எதையோ பார்த்து எதையோ சொல்கிறான். பார்த்தானே, அது போதும். உண்மையைச் சொன்னால், குழாயைப் பொருத்திய முதல் நாள் சேரே ஒரு தடவை கண்ணை வைத்துப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் பனிமூட்டம் போன்ற ஒரு புகாரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடி இல்லாத கண், அவ்வளவுதான் தெரியும் என்று நினைத்தார். அதை வெளியில் சொல்ல வெட்கம். உள்ளே போன முதல் ஆள் "நல்லா இருந்திச்சு சேர்" என்று சொன்னபோது நெஞ்சு நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் கண்ணை வைக்கவேயில்லை. சட்டம் ஒன்று இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அலுவலர் பொழுது சாயுமுன்னே வந்தாள். சர்மிலா என்று பேர், இளம்பிள்ளை, கையில் சிறிய கருவிப் பெட்டி. சனம் குளித்து முழுகி, இருக்கிற நல்ல உடுப்பை உடுத்துக்கொண்டு கொட்டிலைச் சுற்றி நின்றது. இவ்வளவு பேரா முறை எடுத்தார்கள் என்று அவள் ஆச்சரியப்பட்டாள். சேர் பலகையைக் காட்டினார். ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லை.

"நான் போன இடமெல்லாம் பெட்டியே திறக்காமக் கிடந்த சேர்," என்றாள் சர்மிலா. "இப்பிடி ஓர் ஊர நான் காணல்ல. இது கட்டாயம் இஞ்சதான் இருக்கும்."

வெண்ணெய் திரண்டு வருகிற நேரம். ஒருதரம் துடைத்துப் பூட்டிவிடுகிறேன் என்று சொல்லி, அவள் குழாயின் அடிப்பக்கத்து மூடியைக் கழற்றினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். கையை விட்டுத் துழாவினாள்.

"சேர், அடிக்கண்ணாடி எங்க?"

"என்ன கண்ணாடி?"

"இதுக்குள்ள சட்டி அளவில ஒரு கண்ணாடி இருக்கணும். வெளிச்சத்தப் பிடிச்சுத் தாறதே அதுதான். மூண்டு பெட்டி வந்ததா?"

"ரெண்டுதான் வந்த."

சர்மிலா எழுந்து நின்றாள். "அப்ப இது வெறும் குழாய் சேர். இதால ஒராளும் ஒரு வெள்ளியும் பாத்திருக்க ஏலாது. முதல் நாள் தொட்டே ஏலாது."

தாழி உடைந்தேவிட்டது. சேர் பலகையைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். அந்தச் சாம்பல் புகார் தன் கண்ணின் குறையில்லை. அப்படியென்றால் செவ்வாய் எங்கே, நிலா எங்கே? அரை வருடமாக இந்த ஊர் முழுக்கத் தன்னை வைத்துக் கூத்தாடியிருக்கிறது. பெண்சாதி போன மனிசன், பாவம், கட்டம் போட்டு விளையாடட்டும் என்று விட்டிருக்கிறார்கள். கடல் வந்த நாளில்கூட உரத்துக் கத்தாத மனிதர் அன்று கத்தினார்.

"ஏன் எனக்குப் பொய் சொன்னீங்க? நான் உங்களுக்கு என்ன செய்தன்?"

கிரிசாந்த் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கும் மனவருத்தம்தான் சேர்," என்றாள் சர்மிலா. "பாக்க முடியாத குழாய விட்டிட்டுப் போக ஏலாது. இண்டைக்கே ஏத்தணும். கொட்டிலையும் பிரிக்கணும்."

அப்போதுதான் புஸ்பம் முன்னுக்கு வந்தாள். "குழாயக் கொண்டு போங்க மகள். கொட்டில விட்டிட்டுப் போங்க. கதவையும் விட்டிட்டுப் போங்க. சேர் பலகையில முறை எழுதுறத மட்டும் நிப்பாட்டச் சொல்லாதீங்க."

"ஓம், கொட்டில் மட்டும் காணும் எங்களுக்கு," என்றான் கிரிசாந்த்.

சர்மிலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சேருக்கும் புரியவில்லை. அவள் வாசலில் தகரத்தோடு நின்ற வீரகத்தியின் பக்கம் திரும்பினாள். "பெரியவர், நீங்கதானே வாசல்ல நிண்டீங்க. ஒண்டும் தெரியாத குழாயோட இந்தச் சனம் உள்ளுக்க என்னதான் செஞ்ச?"

வீரகத்தி தகரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சேரின் முகத்தைப் பார்த்தார்.

"முகாமுக்குள்ள ஒராள் அழத் தொடங்கினா எல்லா அறையும் அழத் தொடங்கிரும் எண்டு, ஒவ்வொருத்தரா இதுக்குள்ள வந்து அழுதிட்டுப் போனாங்க, புள்ள; சேர் ஒராள்தான் இன்னும் தன்ட முறைய எடுக்கல்ல."